மாயாவியைத் தந்தீர்கள், அவன் குடியிருந்த இதழையும் தாருங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு நகரிலிருந்து இயங்கும் ரெபெலியன் பதிப்பகத்தாருக்கு,

வணக்கம்.

2000-ஆம் ஆண்டில் '2000 ஏ.டி.' இதழை வாங்கினீர்கள். 2016-ல் எக்மாண்ட் நிறுவனத்திடமிருந்து 1970-க்குப் பிந்தைய ஃப்ளீட்வே சிறுவர் இதழ்கள் உங்கள் கைக்கு வந்தன. 2018-ல் அதற்கு முந்தைய காலத்துச் சரக்கும் சேர்ந்துகொண்டது. 1890-ல் அரை பென்னிக்கு விற்ற 'காமிக் கட்ஸ்' தொடங்கி வேலியன்ட், லயன், டாமி, ஜின்டி, விஸ்ஸர் அண்ட் சிப்ஸ் வரை பிரிட்டனின் பழைய வாராந்தரக் காமிக்ஸில் பெரும்பங்கு இன்று உங்கள் அலமாரியில் இருக்கிறது. டண்டீ நகரத்து டி.சி. தாம்சன்காரர்களிடம் இருக்கும் டேண்டி, பீனோ, விக்டர் வகையறாவை விட்டால் மீதிக்கு உங்களைத்தான் கேட்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

நான் யார் என்று கேட்பீர்கள். உங்கள் 'ஸ்டீல் கிளா' தொடரின் நாயகன் லூயி கிராண்டலின் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள், ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப்பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் புத்தகமாக வெளியிட்டது உங்கள் ஸ்டீல் கிளாவைத்தான். அப்புறம் ஜானி நீரோ வந்தார், சி.ஐ.டி. லாரன்ஸும் டேவிட்டும் வந்தார்கள். 1984-ல் அதே சிவகாசியில் லயன் காமிக்ஸ் பிறந்து, ஸ்பைடரையும் ரோபோ ஆர்ச்சியையும் கொண்டுவந்தது. லண்டனில் 'லயன்' என்ற வார இதழ் வேலியன்ட்டோடு இணைந்து காணாமல் போனது 1974-ல். அந்த லயனின் நாயகர்கள் இருவரும் பத்து வருடம் கழித்து இன்னொரு லயனில் தமிழ் பேசிக்கொண்டு வந்து நின்றார்கள். இந்தக் கணக்கு உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆக, உங்கள் சொத்தில் வளர்ந்த வெளியூர்ப் பிள்ளைகள் நாங்கள். கோரிக்கை வைக்க அந்த ஒரு உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நீங்கள் 'பிரிட்டிஷ் காமிக்ஸ் கருவூலம்' என்ற வரிசையில் கொண்டுவந்த தொகுப்புகள் அருமையானவை. 'பஸ்டர்' இதழில் ஓடிய மார்னி என்ற நரிக்குட்டியின் கதையைக் கெட்டி அட்டையில் அச்சிட வேறு யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. ஓவியர் கென் ரீடின் 'ஃபேஸேக்'கை, 'மிஸ்டி' இதழின் பேய்க்கதைகளை, ஸ்டீல் கிளாவின் தொடக்கக் கதைகளைத் திரும்பவும் கண்ணில் காட்டினீர்கள். குறை அதில் இல்லை. நீங்கள் கதைகளைப் பிடுங்கி எடுத்துத் தருகிறீர்கள். அந்தக் கதைகள் முளைத்த இதழ்களோ அலமாரியிலேயே இருக்கின்றன. என் கோரிக்கை இதுதான்: அந்த வார இதழ்களை, அட்டை முதல் பின்னட்டை வரை, அப்படி அப்படியே வெளியிடுங்கள்.

ஏன் என்று சொல்ல ஸ்டீல் கிளாவையே எடுத்துக்கொள்கிறேன். 1962 அக்டோபர் 6-ஆம் தேதியிட்ட வேலியன்ட்டின் முதல் இதழிலேயே அவன் வந்துவிட்டான். எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்த கிராண்டலுக்கு விபத்தில் வலது கை போய்விடுகிறது, அந்த இடத்தில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறையும், இரும்புக் கை மட்டும் மறையாது. பிளாஸ்கோ வரைந்த ஒரு கட்டத்தை நிதானமாகப் பாருங்கள். அறையின் மூலைகளில் கறுப்பு மை அப்பியிருக்கும். மேசை விளக்கின் வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழும். அந்த வெளிச்சத்தில் ஒரு கை, மணிக்கட்டோடு முடிந்துபோன கை, யாரும் தொடாமல் தானே நகர்ந்து பெட்டகத்தின் பிடியைத் திருகும். விரல் கணுக்களில் உலோகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதுகூடத் தெரியும். பக்கத்தில் நிற்கும் காவலாளியின் முகத்தில் பாதி இருட்டு. ஆரம்பத்தில் இந்த ஆள் நல்லவனே கிடையாது, திருடன், ஊரை மிரட்டுகிறவன். பிறகுதான் திருந்தி உளவாளியாகிறான். நாங்கள் பெரும்பாலும் பார்த்தது திருந்தின மாயாவியை.

வேலியன்ட்டில் இது வாரத்துக்கு ஒரு சில பக்கம்தான். ஒவ்வொரு வாரமும் கடைசிக் கட்டத்தில் யாராவது சாகக் கிடப்பார்கள், அடுத்த வாரம் முதல் கட்டத்தில் பழைய கதையை நாலு வரியில் சொல்லிவிட்டு அவரைக் காப்பாற்றுவார்கள். தொகுப்பாகச் சேர்த்துப் படித்தால், மூன்று பக்கத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைக்கும் விசித்திர ஆசாமியாகக் கிராண்டல் தெரிகிறான். கதையின் தப்பில்லை அது. நடுவில் ஏழு நாள் காத்திருப்பு இருந்தது, அந்த ஏழு நாளையும் கடத்த மீதிப் பக்கங்கள் இருந்தன. பக்கத்திலேயே கேப்டன் ஹரிக்கேன் எதிரி டாங்கியை வெறுங்கையால் புரட்டிக்கொண்டிருப்பார். அடுத்ததில் டிம் கெல்லி. அவர் கழுத்தில் ஸோல்டெக்கின் கண் என்றொரு கல் தொங்கும், அது இருக்கும்வரை அவரை எதுவும் ஒன்றும் செய்யாது. அப்படியானால் கதையை எப்படி நகர்த்துவது? அடிக்கடி அந்தக் கல்லைத் தொலைக்க வேண்டியதுதான். வாரக் கதை எழுதுகிறவனின் பிழைப்பு அப்படி.

கதைகளுக்கு வெளியேயும் ஒரு உலகம் இருந்தது. 1969-ல் தொடங்கிய 'விஸ்ஸர் அண்ட் சிப்ஸ்' ஒரு விலைக்கு இரண்டு இதழ் என்று வந்தது. நடுவில் இருக்கும் சிப்ஸை உருவி எடுத்தால் அது தனிப் புத்தகம், அதற்குத் தனி அட்டை. வாசகன் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும். பாம்பு வளர்க்கும் சிட் ஒரு பக்கத்துக்குத் தலைவன், எப்போதும் கண் வீங்கிய ஷைனர் மறு பக்கத்துக்கு. இதில் சுவாரஸ்யம் 'படையெடுப்பு'. சிப்ஸில் இருக்க வேண்டிய ஒரு பொடியன் சத்தமில்லாமல் விஸ்ஸரின் ஏதோ ஒரு கதையில், ஏதோ ஒரு கட்டத்தின் ஓரத்தில், வேலிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான். அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு எதிர்க்கட்சி பழி வாங்கும். இப்போது சொல்லுங்கள், சிட்டின் கதைகளை மட்டும் பொறுக்கி ஒரு தொகுப்பு போட்டால் இந்த விளையாட்டு எங்கே போகும்? ஓரத்தில் எட்டிப் பார்க்கும் பையன் யாரென்றே புதிய வாசகனுக்குப் புரியாது. அச்சுப் பிழை என்று நினைத்துக்கொள்வான்.

1973-ல் வந்த 'ஷிவர் அண்ட் ஷேக்' இன்னும் ஒரு படி மேலே. ஷிவர் ஒரு பேய், ஷேக் ஒரு யானை. அதன் பின்னட்டையில் வாரம் ஒரு பூதம் முழுப் பக்கத்துக்கு வரும். பெரும்பாலும் கென் ரீடின் தூரிகை. யோசனை யாருடையது என்றால் வாசகர்களுடையது. ஏதோ ஒரு தெருவில் இருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கிறுக்கி அனுப்பியதை வைத்துக்கொண்டு, பருவும் சளியும் பல்லும் மயிரும் ஒன்றுவிடாமல் இழைத்து இழைத்து அந்த மனிதர் வரைந்தார். அந்தப் பூதங்களை 2018-ல் தனிப் புத்தகமாகப் போட்டீர்கள். நல்லது. ஆனால் அந்தப் பிள்ளைகளை எழுதத் தூண்டிய ஆசிரியர் பக்கம்? அடுத்த வார அறிவிப்பு? 'இந்த இதழை எனக்கு வாராவாரம் எடுத்துவையுங்கள்' என்று பத்திரிகைக் கடைக்காரருக்கு வெட்டிக் கொடுக்க வேண்டிய கூப்பன்? தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குக் கதையைவிட முதலில் ஆசிரியர் பக்கத்தைப் புரட்டும் வியாதி உண்டு. அந்த வியாதிக்காரன் என்பதால் கேட்கிறேன்.

இலவச இணைப்புகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். டேண்டியின் முதல் இதழோடு ஊதல், பீனோவின் முதல் இதழோடு முகமூடி, 2000 ஏ.டி.யின் முதல் இதழோடு பறக்கவிடும் பிளாஸ்டிக் தட்டு. மடித்த அட்டையைச் சுண்டினால் வெடிச் சத்தம் கேட்கும் காகிதத் துப்பாக்கி பல இதழ்களில் வந்தது. ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்கு அது எப்பேர்ப்பட்ட தலைவலியாக இருந்திருக்கும்! அதையெல்லாம் திரும்பச் செய்யச் சொல்லவில்லை. அட்டையில் அதை விளம்பரப்படுத்திய பெரிய மஞ்சள் எழுத்தையாவது கண்ணில் காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது, ஓர் இதழை இன்னோர் இதழோடு சேர்த்துவிடும் 'இணைப்பு' என்ற சடங்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் 'உள்ளே மகத்தான செய்தி' என்று இருந்தால் அந்த இதழ் செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த வாரம் முதல் வேறொரு இதழின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அதன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளில் அதுவும் உதிரும். ஈகிளை லயன் விழுங்கியது, லயனை வேலியன்ட், வேலியன்ட்டை 1976-ல் பேட்டில். பெரிய மீன் சின்ன மீனைத் தின்ற கதைதான். நாயகர்கள் மட்டும் மூட்டை முடிச்சோடு வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். 'பில்லியின் பூட்ஸ்' என்ற கால்பந்துத் தொடர் 1970-ல் ஸ்கார்ச்சரில் தொடங்கி, டைகருக்குப் போய், புதிய ஈகிளுக்குப் போய், கடைசியில் 'ராய் ஆஃப் தி ரோவர்ஸ்' இதழுக்குப் போனது. செத்துப்போன பழைய ஆட்டக்காரர் ஒருவரின் பூட்ஸைப் போட்டால்தான் பில்லிக்கு ஆட்டம் வரும். அந்தப் பூட்ஸ் தொலையும், கிடைக்கும், மறுபடி தொலையும். இத்தனை வருடத்தில் பையன் பள்ளிக்கூடத்தையும் முடிக்கவில்லை, பூட்ஸைப் பத்திரமாக வைக்கவும் கற்றுக்கொள்ளவில்லை. இந்த நாடோடி வாழ்க்கை ஒரே அட்டைக்குள் கட்டிய தொகுப்பில் தெரியவே தெரியாது.

இணைப்பில் பாதியிலேயே உதிர்ந்துபோனவர்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள். 1970 அக்டோபரில் வந்த 'தண்டர்' ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதற்குள் என்னவெல்லாம் கொட்டி வைத்திருந்தார்கள்! முதல் உலகப் போரில் ராட்சத வௌவால்களை ஏவி பிரிட்டிஷ் விமானங்களைக் கவிழ்க்கும் ஜெர்மன் பிரபு ஒருவர். இரண்டாம் உலகப் போரில் ஓர் இரும்பு ரோபோ. அதன் பேச்சுக் கேட்கும் கருவியில் ஏதோ கோளாறு, அதனால் பிரிட்டிஷ் ராணுவத்திலேயே பெரிய சோம்பேறியான எர்னி பேட்ஸ் சொன்னால் மட்டும்தான் அது கேட்கும். ஜெனரல்கள் எல்லாம் எர்னியைத் தாஜா செய்துகொண்டு நிற்பார்கள். காலத்துக்குள் அலையும் சாகாவரம் பெற்ற ஆடம் எடர்னோவும் அங்கேதான் பிறந்தான். மறு வருடம் வந்த 'ஜெட்'டும் அதே மாதிரி அற்பாயுசு. அதில் வான் ஹாஃப்மன் என்ற நாஜி விஞ்ஞானி, பூச்சி, பறவை, மிருகம் எல்லாவற்றையும் வாயுவால் ஊதிப் பெரிதாக்கி இங்கிலாந்தின் மேல் ஏவுகிறார். இதையெல்லாம் அசட்டுத்தனம் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். அசட்டுத்தனம்தான். ஆனால் ஒரு வாரம்கூடத் தவறாமல் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், கூச்சம் என்பதே இல்லாமல் பிறந்த அசட்டுத்தனம். 'ஆக்‌ஷன்' இதழ் 1976 அக்டோபரில் நிறுத்தப்பட்டதையும், அச்சான பிரதிகள் கூழாக்கப்பட்டதையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். தண்டருக்கும் ஜெட்டுக்கும் ஆள் குறைவு.

அப்புறம் பெயர்கள். அந்தக் காலத்தில் ஓவியர் ஓரமாகக் கையெழுத்துப் போட்டாலும் அலுவலகத்தில் அதை வெள்ளை அடித்து அழித்துவிடுவார்கள். 1965-ல் லயனில் தொடங்கிய ஸ்பைடரை வரைந்தவர் ரெஜ் பன். எழுதத் தொடங்கியவர் டெட் கோவன். அவருக்குப் பின் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல், ஆமாம், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பிய அந்தக் கூர்க்காது ஆசாமியை அவர்தான் எழுதினார் என்பது அன்றைய லயன் வாசகனுக்குத் தெரியாது, சிவகாசி லயன் வாசகனான எனக்கும் தெரியாது. 1977-ல் 2000 ஏ.டி.யும், 1982-லிருந்து டாமியும்தான் பெயர் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தன. உங்கள் தொகுப்புகளில் பெயர்களைத் தேடிப் போடுகிறீர்கள், சந்தோஷம். பழைய சம்பளக் கணக்குப் புத்தகம், கடிதக் கட்டு ஏதாவது அலமாரியில் கிடந்தால் அதையும் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். 'எழுதியவர்: தெரியவில்லை' என்று இன்னும் எத்தனையோ தொடர்களுக்குப் போட வேண்டியிருக்கிறது.

சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த இதழ்களில் எங்களைப் போன்றவர்களைக் காட்டியிருக்கும் விதம் பல இடங்களில் கேவலமானது. கேப்டன் ஹரிக்கேன் ஜெர்மானியர்களையும் ஜப்பானியர்களையும் ஏசும் வசவுகளை இன்று யாரும் அச்சில் போடமாட்டார்கள். ஆர்ச்சியின் ஆப்பிரிக்கக் காட்டுக் கதைகளும் அப்படித்தான். டண்டீக்காரர்களிடம் 'காபூலின் ஓநாய்' என்று ஒன்று உண்டு. பித்தளைக் கம்பி சுற்றிய கிரிக்கெட் மட்டையால் எதிரிகளின் மண்டையைப் பிளக்கும் சங் என்ற அடியாள் அதில் வருவான். எல்லைப்புறத்தில் ஒரு வெள்ளைக்காரரின் எடுபிடி. படித்துச் சிரித்திருக்கிறேன், சிரித்தபின் எரிச்சலும் வந்திருக்கிறது. இந்தப் பக்கங்களை வெட்டாதீர்கள். முன்னால் ஒரு குறிப்பு போடுங்கள், முடிந்தால் விவரம் தெரிந்த ஒருவரை வைத்து நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எங்களைக் கேலி செய்த பக்கத்தை எங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பதை உபகாரமாக நாங்கள் எடுத்துக்கொள்ளமாட்டோம்.

முழு இதழ் என்றால் உரிமைச் சிக்கல் வரும் என்று உங்கள் வக்கீல்கள் சொல்வார்கள். நியாயம்தான். 'ஸ்மாஷ்' இதழில் அமெரிக்க ஹல்க் ஓடியிருக்கிறார், பேட்மேன் ஓடியிருக்கிறார். அந்தப் பக்கங்கள் உங்களுடையவை அல்ல. சரி, அந்த இடத்தில் வெறும் பக்கத்தை விட்டு 'இங்கே ஹல்க் இருந்தார்' என்று ஒரு வரி போடுங்களேன். அடித்துச் சொல்கிறேன், வாசகர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். கெட்டி அட்டையும் வேண்டாம், பளபளத் தாளும் வேண்டாம். கணினியில் படிக்கிற மாதிரி ஸ்கேன் செய்து ஆண்டுச் சந்தாவுக்குக் கொடுங்கள். கடல் தாண்டி வரவழைத்தால் தபால் செலவே சமயத்தில் புத்தக விலையைத் தொட்டுவிடுகிறது. காகிதம் பழுத்திருந்தால் பழுப்பாகவே இருக்கட்டும். மலிவான தாளில் மை ஊறிப்போன பிளாஸ்கோவைத்தான் அன்றைய பையன் பார்த்தான்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'வல்கன்' என்பேன். 1975-ல் முதலில் ஸ்காட்லாந்தில் மட்டும் விட்டுப் பார்த்து, பிறகு நாடு முழுக்கக் கொண்டுபோய், மறு வருடமே வேலியன்ட்டில் கரைத்துவிட்ட வாரப் பத்திரிகை. மறுபதிப்புக் கதைகளுக்காகவே வந்தது. ஸ்டீல் கிளா, ஸ்பைடர், ஆர்ச்சி, கெல்லி, ராட்சதக் குரங்கு ரோபோ மைடெக் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மொத்த ஆயுளே ஒரு வருடத்துச் சொச்சம், அதனால் உங்களுக்கும் சுமை குறைவு. தமிழ் வாசகனுக்கோ இதைவிடப் பொருத்தமான இதழ் கிடையாது, எங்கள் ஊர்க்காரர்கள் பலரும் அதில் இருக்கிறார்கள். இந்திய மொழி உரிமை கேட்டு வருகிறவர்களுக்குக் கதைகளோடு அந்த அட்டைகளையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பெண் பிள்ளைகளின் இதழ்களைப் பற்றி கடைசியாகச் சொல்வதால் அவை கடைசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கணிப்பில் வினோதத்தில் முதலிடம் அவற்றுக்குத்தான். 1971-ல் டாமி தன் முதல் இதழிலேயே, போர்க்கால அநாதைப் பிள்ளைகளை அடிமைகளாக்கி வேலை வாங்கும் ஒரு பண்ணையைக் காட்டியது. 1976-ல் ஜின்டியில், பருவநிலை கெட்டு மழை நிற்காமல் கொட்டி பிரிட்டனே மூழ்குகிறது, ஃப்ரான் என்ற சிறுமி தன் அக்காவைத் தேடி வெள்ளத்தில் போகிறாள். பையன்கள் இதழில் ரோபோக்கள் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே இப்படி ஒரு கதை. மிஸ்டியையும் ஜின்டியையும் கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள், போதாது.

இங்கேதான் ஒரு கடனும் பாக்கி இருக்கிறது. 1984 ஜூனில் வேலைநிறுத்தம் வந்தது. டாமி அப்படியே நின்றது. 'கேர்ள்' இதழோடு சேர்ப்பதாகத் திட்டம், அந்தச் சடங்குகூட அதற்கு ஒழுங்காக நடக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் பாதியில் அறுந்தன, வாசகிகளுக்கு யாரும் முடிவு சொல்லவில்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. அச்சுக்குத் தயாரான பக்கங்களோ, தட்டச்சு செய்த கதை வசனமோ, ஆசிரியரின் குறிப்போ ஏதாவது உங்கள் பெட்டிகளில் மிஞ்சியிருந்தால் தேடிப் பாருங்கள். கிடைத்தால், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வசனத்தை மட்டுமாவது அச்சிட்டு, 'சென்ற இதழின் தொடர்ச்சி' என்று மேலே போட்டு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சிவகாசிப் பதிப்புகளில் உங்கள் நாயகர்களைச் சந்தித்த ஒரு வாசகன்